உள்ளுறையில் பென்சில் எழுத்து

டெட்ராய்ட்
செப்டம்பர் 15, 1996

ஆர்லிஸ்,

உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி சண்டைக்கு வருகிறேன்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல ஹோசேயாவின் பழைய இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். வாசலிலேயே குறுந்தகடு அலமாரி ஒன்று புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ரெக்கார்டுகளை எல்லாம் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். முட்டி போட்டுத்தான் தேட வேண்டும். என் முட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் கவலையா?

தேடும்போது அந்தப் பச்சை அட்டை கைக்கு வந்தது. உன் மெம்பிஸ் ஆர்கன்காரருடைய ஆல்பம். விவாகரத்தன்று ரெக்கார்டுகளை நீ ஒன்று, நான் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தோமே, அதில் நீ மூன்றாவதாக எடுத்தது. அதே மாதிரி ஊரில் பத்துப் பேரிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வட்டை வெளியே இழுத்தேன். உள்ளே காகித உறையில் உன் பென்சில் எழுத்து. "1971 மார்ச் 6. மழை. வெர்லீன் கோபம்." அதன் கீழே, "மார்ச் 7. வெர்லீன் இன்னும் கோபம்."

ஒவ்வொரு தடவை பாட்டு வைக்கும்போதும் உறையில் தேதி எழுதுகிறவன் இந்த நாட்டிலேயே நீ ஒருத்தன்தான். உன் தாயார் இறந்து பணத்துக்குத் திண்டாடியபோதுகூட விற்காதவற்றை இப்போது எதற்கு விற்கிறாய்? விற்பதென்றால் என்னிடம் முதலில் கேட்கக் கூடாதா? ஃபோன் பண்ணிக் கேட்கலாமென்றால் கார் தொழிற்சாலை உன் காதைப் பாதி தின்றுவிட்டது. எனக்குத் தொண்டைதான் கிழியும். அதனால் எழுதுகிறேன். மூன்று டாலர் கொடுத்து அதை மீட்டு வந்துவிட்டேன், என் வீட்டில் இருக்கிறது.

விற்கிற மூடில் இருந்தால் என் ரெக்கார்டைக் கொடு. தாபோர் மலைச் சபைப் பாடகர் குழு, 1958, முந்நூறு பிரதி. பத்தொன்பது வயதில் நான் பாடியது. என் குரல் என் வீட்டில் இல்லை, உன் வீட்டில் இருக்கிறது. இது நியாயமா என்று இருபது வருஷமாகக் கேட்கிறேன். ஹோசேயாவிடமும் வாராவாரம் கேட்கிறேன், வேறு பிரதி வந்ததா என்று. அவர் என்னைப் பார்த்ததுமே "இல்லை" என்று தலையாட்டிவிடுகிறார்.

உன் சகோதரி மகன் கார்னெல் வந்து கூட இருப்பது நல்லதுதான். வாதத்தில் கால் போன பிறகு நீ தனியாக இருந்திருக்க முடியாது.

வெர்லீன்


செப்டம்பர் 22, 1996

என் முன்னாள் சண்டைக்காரிக்கு,

நான் ஒன்றையும் விற்கவில்லை, வெர்லீ. எவனாவது என் ரெக்கார்டை விலை கேட்டால் அவன் பல்லை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சை ஆல்பம் எப்படி அங்கே வந்தது என்று எனக்கும் விளங்கவில்லை. ஆகஸ்டில் கால் போனதிலிருந்து நான் நிலவறைக்கு இறங்கவில்லை. பதின்மூன்று படி. நான் பெயர் சொன்னால் கார்னெல் போய் எடுத்து வருவான், கேட்டு முடித்ததும் கொண்டுபோய் வைப்பான். உன் கடிதம் வந்ததும் அலமாரியைப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் அப்படியே இருக்கு மாமா, நீங்க தூங்குங்க" என்றான். ஒருவேளை நான் யாருக்காவது இரவல் கொடுத்திருப்பேனோ? எனக்கு அப்படிப் பழக்கம் இல்லை என்று உனக்கே தெரியும். உனக்கே கொடுத்ததில்லை.

பையன் நல்லவன். பையன் என்ன, நாற்பத்திரண்டு வயது. சூப்பு டப்பாவைத் திறப்பதைத் தவிர சமையல் தெரியாது. ஆனால் மழித்துவிடுகிறான், மருந்து எடுத்துக் கொடுக்கிறான். இடது கை சரியாக வராததால் உறையைக் கிழிக்கத் தடுமாறுகிறேன் என்று கடிதங்களை அவனே பிரித்துக் கொடுக்கிறான். தபால் பெட்டிவரை நான் நடக்க வேண்டாம் என்று இதையும் அவனே போடப் போகிறான். இந்த மாதம் ஃபோனை வெட்டிவிட்டார்கள், பணம் கட்டத் தவறிவிட்டது என்கிறான். யாரும் கூப்பிடுவதில்லை, போகட்டும்.

உன் சபை ரெக்கார்டு நிலவறையில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ பிரிந்து போனாய், போ. குரலையும் எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் அதுதான். என்னைப் புதைத்த பிறகு வந்து எடுத்துக்கொள்.

இன்னும் மூச்சு விடும்
ஆர்லிஸ்


டெட்ராய்ட்
அக்டோபர் 6, 1996

ஆர்லிஸ்,

நேற்று இன்னும் இரண்டு.

ஒன்று அந்தக் குருட்டு கிட்டார்காரருடையது. இன்னொன்று சிகாகோப் பெண்மணியுடையது, அட்டையில் காபிக் கறை இருக்கும், அந்தக் கறை நான் போட்டது. முதலாவதின் உறையில் கடைசி வரி, "ஆகஸ்ட் 30. கால் போன பிறகு முதல் பாட்டு." இரண்டாவதில், "செப்டம்பர் 19. கார்னெல் இன்றைக்குச் சிரிக்கவே இல்லை." பதினைந்து நாளுக்கு முன் நீ உன் வீட்டில் கேட்ட பாட்டு என் மடியில் எப்படி வந்தது? இரவல் கிரவல் என்று கதை சொல்லாதே.

ஹோசேயாவைப் பிடித்து உலுக்கினேன். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். முன்னொரு தடவை திருட்டுச் சாமானை வாங்கி மாட்டிக்கொண்டதிலிருந்து, பெட்டியை மேலாகப் பார்த்து விலை பேசி, தேதி எழுதி ஒட்டிப் பின்னறையில் போட்டுவிடுவார். இரண்டு வாரம் யாரும் தேடி வராவிட்டால்தான் பிரிப்பார். வெள்ளிக்கிழமைதோறும் ஒருத்தன் வருகிறானாம். உயரமாம், தொப்பியாம், வாயில் எப்போதும் பல்குச்சியாம். அவன் சொன்னதை ஹோசேயா அப்படியே சொன்னார்: "மாமா போய்ச் சேர்ந்துட்டாரு, வீட்டக் காலி பண்றேன்."

நீ செத்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

சிரித்தாயா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்லிஸ், உன் மருமகனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேள். இல்லை, நான் கேட்க வேண்டுமென்றால் சொல். "இந்த வாசற்படியை மிதிக்காதே" என்று நீ சொன்னதிலிருந்து நான் மிதிக்கவில்லை. அதற்காக, நீ கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டேன். என் தம்பி லெவியிடம் லாரி இருக்கிறது, ஒரு மணி நேரத்துத் தூரம்.

வெர்லீன்


அக்டோபர் 14, 1996

அன்புள்ள வெர்லீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கை நடுங்குவதால் தட்டச்சில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரெக்கார்டுகளை விற்கும்படி கார்னெலிடம் நானேதான் சொன்னேன். முன்பு மறந்து வேறு மாதிரி எழுதிவிட்டேன். என் காது முழுவதும் போய்விட்டது. இடி விழுந்தாலும் கேட்பதில்லை. இனி அவற்றை வைத்துக்கொண்டு என்ன பயன்? நான் இறந்துவிட்டதாகக் கடைக்காரர் புரிந்துகொண்டது அவருடைய தவறு. தங்கள் சபை ரெக்கார்டை மட்டும் நினைவாக வைத்திருக்கிறேன்.

கார்னெல் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறான். அவனைப் பற்றித் தவறாக எழுத வேண்டாம். மருத்துவர் என்னை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பதால் யாரும் வந்து பார்ப்பது நல்லதல்ல. அடிக்கடி எழுதவும் வேண்டாம்.

தங்கள் அன்புள்ள
ஆர்லிஸ் பெட்வே


டெட்ராய்ட்
அக்டோபர் 27, 1996

ஆர்லிஸ்,

முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த மனுஷன் ஒரு நாளும் என்னை "அவர்கள்" என்று சொன்னதில்லை. காய்ச்சல் வந்தால்கூடச் சொல்ல மாட்டான்.

இருந்தாலும் உன் கடிதத்தை நம்பிப் பார்க்கலாமென்று பார்த்தேன். நீயே விற்கச் சொன்னாய் என்று ஹோசேயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செத்துப் போனவரா சொன்னாரு?" என்றார். நான் முட்டி போட்டுத் தேடினேன்.

கிடைத்தது. நீ சாக்ஸபோன் ராத்திரி என்று சொல்வாயே, அந்த ஆல்பம். உறையில் கடைசி வரி, "அக்டோபர் 10. உரக்க வைத்தேன். நன்றாகக் கேட்டது." எழுத்து கோடு போட்ட மாதிரி நிற்கிறது, ஒரு நடுக்கம் இல்லை. பத்தாம் தேதி நன்றாகக் கேட்ட காது பதினான்காம் தேதி இடி விழுந்தாலும் கேட்காதா? நாலு நாளில் கை நடுங்கத் தொடங்கிவிட்டதா?

எனக்குப் பயமாக இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன், பயமாக இருக்கிறது. உன் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. என்னவென்றும் சொல்கிறேன். நாம் சேர்ந்து இருந்த காலத்தில், நீ நிலவறையில் பாட்டுக்குள் மூழ்கிக் கிடக்கும்போது, சாப்பாட்டுக்கு உன்னைக் கூப்பிட நான் என்ன செய்வேன்? அதை மட்டும் எழுது. சரியாக இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், நீயும் உன் ஓய்வும்.

வெர்லீன்


நவம்பர் 12, 1996

அன்புள்ள வெர்லீன் அவர்களுக்கு,

தாங்கள் கேட்டதற்குப் பதில். படிக்கட்டின் மேல் நின்று அன்போடு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அந்த நாட்களை நான் மறக்கவில்லை.

மாதக் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளுக்குள் நானும் கார்னெலும் தெற்கே அவனுடைய இடத்துக்குக் குடிபோகிறோம். எனக்கு வெயில் நல்லது என்கிறார்கள். இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம். தங்கள் சபை ரெக்கார்டு என் தலைமாட்டில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்லிஸ் பெட்வே


டெட்ராய்ட்
நவம்பர் 24, 1996

ஆர்லிஸ்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட விலாசம் இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அன்போடு பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். நானா? குதிகாலால் தரையை உதைப்பேன். சமையலறைத் தரை அதிர்ந்து உன் தலைக்கு மேல் மண் உதிரும், நீ திட்டிக்கொண்டே ஏறி வருவாய். அந்தப் பதிலைப் படித்ததும் உன் ஊர்ப் போலீஸுக்கு ஃபோன் பண்ணினேன். "குடிபோறதா அவரே எழுதியிருக்காரேம்மா" என்றார்கள். லெவி லாரியோடு ஜார்ஜியா போயிருந்தான், வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் நான் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரனையாவது இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நேற்றுக் காலை ஹோசேயா ஃபோன் பண்ணினார். "வெர்லீன், ஒக்காந்துக்கோ. உன் ரெக்கார்டு வந்திருக்கு" என்றார். எட்டாம் தேதி வாங்கி ஒட்டி வைத்த பெட்டியை அன்றைக்குத்தான் பிரித்திருக்கிறார். பன்னிரண்டாம் தேதி உன் தலைமாட்டில் இருப்பதாக எழுதியவன், எட்டாம் தேதியே அதை விற்றுவிட்டான்.

கடையிலேயே நின்றபடி உறையைப் படித்தேன். முதலில் பழைய தேதிகள். "1976 ஜூன் 2. அவள் போய்விட்டாள். மூன்று தடவை வைத்தேன்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஜூன் 2. ஒரு வருஷம் விடவில்லை. இருபது வருஷக் கடிதத்தில் இதை ஒரு வார்த்தை எழுதினாயா, பாவி மனுஷா. கடைசியில், பொடி எழுத்தில், இது:

"நவம்பர் 7. வெர்லீ, கார்னெல் கையில் ஹோசேயா கடையின் மஞ்சள் பை பார்த்தேன். நீ சொன்னது புரிந்தது. இந்த ரெக்கார்டை நானே அவனிடம் எடுத்துக் கொடுக்கிறேன். மற்றது எதையும் நீ தவறவிடலாம், இதை விடமாட்டாய். அவன் வட்டில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான், காகிதத்தைப் பார்ப்பதில்லை. என் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். உன் கடிதங்களை எனக்குத் தருவதில்லை. வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்கிறான். கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் அப்புறம் நான் எதற்கு அவனுக்கு? வாசற்படி பற்றிச் சொன்னதை மறந்துவிடு. வா. இன்னும் மூச்சு விடும் ஆர்லிஸ்."

இரண்டு வாரம் அது ஒட்டின பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அதற்குள் இரண்டு சனிக்கிழமை நான் அதே கடையில் முட்டி போட்டுத் தேடியிருக்கிறேன்.

கடையிலிருந்து நேராக லெவியை எழுப்பிக்கொண்டு வந்தேன். மத்தியானம் உன் வாசற்படியை மிதித்தேன். புல்வெளியில் "வீடு விற்பனைக்கு" என்று பலகை நட்டிருந்தது.

கதவு பூட்டவில்லை. உன் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது, புதுசு, திருகாணி இன்னும் பளபளக்கிறது. கட்டிலில் நீ படுத்த பள்ளம் இருந்தது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு நீ எப்படி நடந்து போனாய்? நிலவறை அலமாரி முழுக்கக் காலி. உன் அறை ஜன்னல் மேஜைமேல் தூசியில் நாலு கால்களின் வட்டத் தடம் மட்டும். உன் பாட்டுப்பெட்டியை எடுத்துப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நீ இல்லாமல் அவனுக்கு அது எதற்கு?

லெவி போய்ப் போலீஸ்காரரைக் கூட்டி வந்தான். தாழ்ப்பாளைப் பார்த்தார், உறையைப் படித்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தேடுவோம் என்றார்.

இதில் என் பங்கும் இருக்கிறது. கடிதத்தை அவன்தான் பிரிக்கிறான் என்று நீயே எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டும், எனக்குத் தெரிந்ததை எல்லாம் அந்த உறைக்குள்ளேயே போட்டு அவன் கைக்கே அனுப்பினேன். காகிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிளம்பி வந்திருக்க வேண்டும். என் வாய்தான் எனக்கு எமன் என்று நீ சொல்வாய். உனக்கு எமனாக வந்துவிட்டதே.

வெர்லீன்


டேட்டன், ஓஹியோ
டிசம்பர் 22, 1996

ஆர்லிஸ்,

இதுவரை ஐந்து ஊர், பதினேழு கடை.

நிலவறையைக் காலி பண்ணியவன் அத்தனையையும் ஹோசேயாவிடம் விற்கவில்லை. என் கணக்குப்படி குறைந்தது முந்நூறு ரெக்கார்டு அவன் வண்டியில் போயிருக்க வேண்டும். வழிச் செலவுக்கு எங்கேயாவது இறக்கி விற்பான் என்று லெவியிடம் சொன்னேன். அவன் "அக்கா, உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். டொலீடோவில் இரண்டு நாள். ஒன்றுமில்லை. லைமாவில் உன்னுடையது ஒன்று, ஆனால் உறையில் புதுத் தேதி இல்லை. தெற்கே போகிறான் என்று மட்டும் தெரிந்தது. கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ரெக்கார்டை உருவுகிறேன், வட்டைப் பார்க்காமல் காகிதத்தைப் படிக்கிறேன், திரும்பச் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். ஒரு கடையில் ஒரு பெண், "என்ன ஆல்பம் தேடுறீங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்றாள். என்ன பெயர் சொல்ல?

நேற்று இங்கே, டேட்டனில், கடைசி வரிசையில் கடைசிப் பெட்டி. அந்த ஆறுபேர் கோஷ்டி, நம் கல்யாணத்துக்கு வாங்கியது. உறையில் கடைசி வரி:

"டிசம்பர் 5. பனி. ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதில் ஆஷ்பரி என்று எழுதியிருக்கிறது. ரயில் போனால் தரை ஆடுகிறது."

அவ்வளவுதான். வழக்கமாகக் கடைசியில் போடுவாயே, மூச்சு விடுகிறேன் என்று, அது இல்லை. இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உறையில் இரண்டு விரல்கடை இடம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஆஷ்பரி இங்கிருந்து நாற்பது மைல். தொட்டி எங்கிருந்தாலும் தெரியுமாம், ரயில்பாதையை ஒட்டிப் பத்துப் பதினைந்து வீடுதானாம், பெட்ரோல் போடுகிறவர் சொன்னார். போலீஸுக்குச் சொல்லிவிட்டேன், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அவர்களுக்காக நான் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஒரு தடவை காத்திருந்தது போதும். லெவி கீழே வண்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறான். சீட்டுக்குப் பின்னால் உன் ஊன்றுகோல் இருக்கிறது. என் சபை ரெக்கார்டும் இருக்கிறது. அதை உனக்கே கொடுத்துவிடுகிறேன், நீயே வைத்துக்கொள். என் குரலை நான் வைத்து என்ன செய்ய.

இதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்கிறேன். உன்னைப் பார்த்ததும் கத்த எனக்குத் தொண்டை வராது, படித்துக்கொள்.

கதவைத் தட்டினால் உனக்குக் கேட்காது. அவனுக்குத்தான் கேட்கும். அதனால் தட்டப் போவதில்லை. தாழ்வாரத்துப் பலகையில் ஏறி நின்று குதிகாலால் உதைப்பேன். தரை ஆடினால் ரயில் என்று நினைத்துப் படுத்திருக்காதே, ஆர்லிஸ். ரயில் ஒரு நிமிஷத்தில் போய்விடும். நான் நிறுத்த மாட்டேன்.

வெர்லீ